கதவைத் தட்டியவன்

இரவு ஒன்றே முக்கால் மணிக்கு என் குடியிருப்பின் கதவைத் தட்டிய ஒரு மாணவனுக்கு, பதினோரு நாட்கள் கழித்து, அந்தப் பருவம் முழுவதும் விடுதியில் தங்கக் கூடாது என்ற ஆணை வழங்கப்பட்டது. ஆணையைத் தயாரித்து முதல்வரின் கையெழுத்துக்கு அனுப்பியவன் நான். கொங்குப் பகுதியிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் எழுதிய கடிதங்களில் தவறானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அன்று இருவர் வந்து நின்றார்கள். காலில் செருப்பில்லை. "சார், அவன் எந்திரிக்க மாட்டேங்குறான் சார்" என்றான் முன்னால் நின்றவன். மூன்றாம் மாடிக்கு ஓடினோம். அறையின் சன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது, விளக்கு அணைக்கப்பட்டிருந்தது, மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி, பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள், உணவுக்கூடத்திலிருந்து எடுத்து வந்த டம்ளரில் பாதி மோர். வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. மூச்சு கொரகொரவென்று வந்தது, பிறகு நின்றது, நான் அவன் தோளைப் பிடித்துத் திருப்புவதற்குள் மறுபடி வந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

பதினொரு மணியிலிருந்து அவன் அப்படியே கிடந்திருக்கிறான். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அந்த அறையில் ஆறு பேர் தங்களுக்குத் தெரிந்த வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு புகட்டினார்கள், மோர் புகட்டினார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். இடையிடையே அவர்கள் பேசியதெல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: காப்பாளரிடம் சொன்னால் யார் யாருக்கு என்ன ஆகும்? சொல்லலாம் என்று இருவர் முடிவெடுத்தபோது மற்ற நால்வரும் தங்கள் அறைகளுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 108 வண்டி வந்து சேர இருபத்தைந்து நிமிடம் ஆனது. வாந்தியும் மோரும் நுரையீரலுக்குள் போயிருந்தன. ஒன்பது நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து அவன் பிழைத்தான்.

விசாரணைக் குழுவில் ஐந்து பேர் அமர்ந்தோம். கையேட்டின் விதி தெளிவாக இருந்தது: வளாகத்திற்குள் மது அருந்தியவர், வைத்திருந்தவர், தெரிந்தே உடனிருந்தவர் அனைவருக்கும் ஒரே தண்டனை. கதவைத் தட்டியவன் ஒரு பீர் குடித்திருந்தான், அதை மறைக்கவும் இல்லை. விடுதியின் இரவுப் பதிவேட்டில் 'தகவல் தந்தவர் பெயர்' என்று ஒரு பத்தி உண்டு. வண்டி கிளம்பிய பிறகு, கைநடுக்கம் தீராத நிலையிலும் பொறுப்பாக, அந்தப் பத்தியில் அவன் பெயரையும் அவனோடு வந்தவன் பெயரையும் எழுதிவைத்தேன். விசாரணைக்கு அதுவே சான்றாகப் போதுமானதாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்ட நால்வரின் பெயர் எதிலும் இல்லை. இருவரும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு முழுவதும் என் கதவை யாரும் தட்டவில்லை. விடுதி ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதினோம். இறுதியாண்டு மாணவர்கள் விடைபெற்றுப் போகும் நாளில், பெட்டி படுக்கையை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த ஒருவன், இனிப் பயமில்லை என்பதால் சொன்னான்: டிசம்பரில் குடித்து மயங்கிய ஒரு முதலாமாண்டுப் பையனை இரவு முழுவதும் குளியலறையில் பூட்டிவைத்திருந்தார்களாம். விடியற்காலையில் அவனாக எழுந்துகொண்டானாம். எழுந்திராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அவர்களை அந்த நிலையில் நிறுத்தியது எங்கள் விதி என்பதால், எனக்கும் மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.

கல்லூரி வளாகத்தில் மது கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. நான் குடிப்பதில்லை. குடியால் சிதைந்த வீடுகளைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன். ஆனால் ஒரு விதியை எடைபோட வேண்டுமென்றால் அது இரவு பதினொரு மணிக்கு ஒரு பூட்டிய அறைக்குள் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் விதி குடியைக் குறைத்ததா என்று எனக்குத் தெரியாது. உதவி கேட்பதைக் குறைத்தது என்பதை நேரில் பார்த்தேன்.

இதில் வாயிற்கதவின் பங்கையும் சொல்ல வேண்டும். எங்கள் விடுதியின் வாயில் இரவு ஒன்பது மணிக்கு மூடப்படும். மாலை வகுப்பும் ஆய்வகமும் முடிந்து வெளியே போகிறவனுக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். கடைக்குப் போய், வாங்கி, ஏதாவது ஒரு காட்டோரத்தில் குடித்து முடித்து, வாடை தெரியாமலிருக்கப் பாக்கும் மிட்டாயும் மென்று, எட்டு ஐம்பத்தைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே அவன் குடிக்கும் விதமே மாறிவிடுகிறது. வயதானவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குடிப்பதை அவன் இருபது நிமிடத்தில், பெரும்பாலும் வெறும் வயிற்றில், விழுங்கிவிட்டு வருகிறான். குடித்து முடித்த பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை இரத்தத்தில் ஆல்கஹாலின் அளவு ஏறிக்கொண்டே போகலாம். வாயிலில் காவலர் முன்னால் நேராக நின்று பேசியவன், பத்து மணிக்கு அறைக்குள் சாய்கிறான். காவலர்மீது குற்றமில்லை. அவர் சோதித்த நேரத்தில் அவன் நன்றாகத்தான் இருந்தான்.

'குவார்ட்டர்' என்ற சொல்லை மாணவர்கள் சின்ன அளவைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். நானும் நெடுநாள் அப்படியே எண்ணியிருந்தேன். 180 மி.லி. கொண்ட அந்தப் பாட்டிலில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 77 மி.லி. தூய ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 61 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் எரிக்கும். ஒரு குவார்ட்டர் உடலைவிட்டு முழுமையாக நீங்க ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். எலுமிச்சையோ மோரோ காபியோ குளியலோ அந்த வேகத்தை ஒரு நிமிடம்கூடக் கூட்டாது. 650 மி.லி. ஸ்ட்ராங் பீரில் 8 விழுக்காடு இருந்தால் 41 கிராம். "பீர்தான் சார்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் சாக்பீஸை எடுத்து இந்தப் பெருக்கலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவதுண்டு. பொறியியல் மாணவர்கள். அறிவுரையைவிட எண்களை மதிக்கிறார்கள்.

நினைவிழந்தவனுக்கு எதையும் புகட்டக் கூடாது. விழுங்கும் அனிச்சை மங்கியிருக்கும்போது வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளிர்ந்த நீரை ஊற்றுவதும் ஆபத்து, ஏனென்றால் மது ஏற்கெனவே தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உடல் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மல்லாத்தாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் காலை மடக்கி முன்னால் வைத்து, வாந்தி வெளியே வழியும்படி முகத்தைச் சற்றுத் தரைப்பக்கம் சாய்க்க வேண்டும். அவனைத் தனியே விட்டுப் போகவும் கூடாது. கிள்ளினாலும் விழிக்கவில்லை, நிமிடத்திற்கு எட்டு மூச்சுக்குக் குறைவாக இருக்கிறது, இரண்டு மூச்சுகளுக்கிடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுகிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது என்றால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவனுக்குக்கூட இது தெரியாது. முதலாமாண்டு அறிமுக வாரத்தில் நாங்கள் அவர்களிடம் மதுவைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: பிடிபட்டால் டி.சி.

வளாகத்திற்கு வெளியே சட்டம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் மதில் சுவருக்குள் மட்டும் ஒரு தனி நாடு இல்லை. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பில் பதினேழு, பதினெட்டு வயதில் சேரும் மாணவன் ஏறக்குறைய படிப்பு முடியும்வரை அந்த வயதுக்குக் கீழேதான் இருக்கிறான். கேரளத்தில் 23. புதுச்சேரியில் 18. திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ படிக்கும் பையனுக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சட்டமே மாறிவிடுகிறது. பிறந்தநாள் என்றால் 'பாண்டி' என்று ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. பேருந்தில் போனால்கூடப் பரவாயில்லை, இருசக்கர வாகனத்தில் போய்விட்டு இரவோடு இரவாகத் திரும்புகிறார்களே என்பதுதான் ஒவ்வொரு வாரக்கடைசியிலும் காப்பாளர்களின் வயிற்றைக் கலக்கும்.

மது விற்பதோ அரசு. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. நண்பகல் 12 முதல் இரவு 10 வரை கடை. 2023-24ஆம் நிதியாண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிறுவனத்திலிருந்து 50 மீட்டரும், மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளிக் கடை இருந்தால் போதும் என்பது 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதி. சிகரெட்டுக்கு 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வகுத்த தொலைவு 100 கஜம், அதாவது 91 மீட்டர் சொச்சம். ஆக, நகரத்துக் கல்லூரியிலிருந்து பீடிக்கட்டு தள்ளி நிற்க வேண்டிய தூரத்தில் ஏறத்தாழப் பாதி தூரம் மதுக்கடை தள்ளி நின்றால் போதும். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலாக அடுத்தடுத்து வைத்துப் பார்த்த அன்று எனக்கு உண்டான கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் ஊர்க் கடையின் சன்னலில் வயதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வயதுப் பையனிடம் அரசு நிறுவனம் பணத்தை வாங்கிக்கொண்டு பாட்டிலைக் கொடுக்கிறது. அந்தப் பாட்டில் வளாகத்துக்குள் வந்தவுடன் குற்றம் முழுவதும் அவனுடையது ஆகிவிடுகிறது.

மாணவர்கள் இதற்கு எதிராகத் திரும்பியதும் உண்டு. 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் சென்னை சேத்துப்பட்டில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் டாஸ்மாக் கடைக்குள் புகுந்து பாட்டில்களை உடைத்துக் கைதானார்கள். உடைத்தது சரியென்று சொல்ல மாட்டேன். மாணவன் என்றாலே குடிப்பவன் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த ஆகஸ்டு மாதத்தையும் நினைவில் வைத்திருக்கட்டும்.

விசாரணைக்குப் பெற்றோரை அழைத்தோம். கதவைத் தட்டியவனின் தாய் மட்டும் முதல் பேருந்தில் வந்து சேர்ந்தார். அப்பா வரவில்லையா என்று குழுத் தலைவர் கேட்டார். "அவரு வீட்டுல படுத்திருக்காருங்க. எந்திரிச்சு வர்ற நெலமையில இல்லீங்க, அதான் நான் வந்தேன்" என்றார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மகன் செய்த தவறுக்கு மன்னிப்புக் கடிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, பையன் இனி எங்கே தங்குவான் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். ஊரிலிருந்து நாள்தோறும் வந்து போக முடியாது. வெளியே அறை எடுக்க அவர்களிடம் பணமில்லை. கடைசியில் அவன் மூத்த மாணவர்கள் சிலர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஒண்டிக்கொண்டான். அந்த வீட்டுக்குக் காப்பாளரும் இல்லை, ஒன்பது மணி வாயிலும் இல்லை. குடிப்பதிலிருந்து அவனைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, குடிக்கத் தடையே இல்லாத ஓர் இடத்துக்கு நாங்களே அனுப்பிவைத்தோம்.

இதற்கு மாற்று உண்டா என்று தேடத் தொடங்கியபோதுதான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் செய்ததைப் படித்தேன். 2002-இல் அங்கே ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள்: மது மிஞ்சி ஆபத்தில் இருக்கும் ஒருவருக்காக உதவி கேட்டு அழைக்கும் மாணவர்மீதும், அந்த ஆபத்தில் இருப்பவர்மீதும் குடித்ததற்கான ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. பாதிக்கப்பட்டவர் பின்னர் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். 2006-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, முதல் இரண்டு ஆண்டுகளில் அவசர அழைப்புகள் கூடின. ஆலோசனைக்கு வந்தவர்களின் விகிதம் இரு மடங்குக்கும் மேலானது. குடி கூடிவிட்டதற்கான அடையாளம் காணப்படவில்லை. அந்த நாட்டின் சூழல் வேறு, பழக்கம் வேறு என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பயம் எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான் வேலை செய்கிறது.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீசு கேசு ஆகிவிடும் என்று பயந்து, பார்த்தும் பாராமல் போனவர்கள் எத்தனை பேர்! அதை உணர்ந்துதான் உச்ச நீதிமன்றம் 2016-இல், உதவியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாத்தது. நடுரோட்டில் முன்பின் தெரியாதவரைத் தூக்குகிறவனுக்கு நாடு தரும் பாதுகாப்பை, கூடப் படிக்கும் நண்பனைத் தூக்குகிறவனுக்குக் கல்லூரி தரக் கூடாதா?

இப்போது வேறொரு கல்லூரியில் காப்பாளராக இருக்கிறேன். சேர்ந்த முதல் ஆண்டே ஒரு வரைவை எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. அழைத்தவர்மீதும் ஆபத்தில் இருப்பவர்மீதும் நடவடிக்கை இல்லை. பிழைத்து வந்தவன் ஆலோசகரை மூன்று முறை சந்திக்க வேண்டும். விற்றவனுக்கும், வற்புறுத்திக் குடிக்கவைத்தவனுக்கும், குடித்துவிட்டு இன்னொருவன்மேல் கை வைத்தவனுக்கும் இந்தச் சலுகை கிடையாது. கடைசி வரியில் நான் பிடிவாதமாக இருந்தேன். 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற முதலாமாண்டு மாணவர் மூத்த மாணவர்கள் அடித்ததில் இறந்தார். அவர்கள் குடித்திருந்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிமுறைகளுக்கு அந்த மரணம் ஒரு காரணம். வன்முறைக்கு மது சாக்காகிவிடக் கூடாது.

"இது குடிக்க நாமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று குழுவில் ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார். நேர்மையான கேள்வி. நான் அவரிடம் அந்த மூன்றாம் மாடி அறையைப் பற்றிச் சொன்னேன். அவர் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. இறுதியில் வரைவு நின்றுபோனது வேறொரு வரியில்: பெற்றோருக்குத் தெரிவிப்பதா, வேண்டாமா? ஆண்கள் விடுதியைப் பொறுத்தவரை தெரிவிக்கலாம் என்றே எனக்கும் முதலில் தோன்றியது. பெண்கள் விடுதியின் காப்பாளர் அம்மையார்தான் அதை மறித்தார். "என் பிள்ளைகள்ல ஒருத்தி வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் போனா, அடுத்த வாரம் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பாங்க சார். படிப்பு அதோட முடிஞ்சது. அது தெரிஞ்சா எந்தப் பொண்ணு வந்து என் கதவத் தட்டுவா?" என்றார். பெற்றோருக்குத் தெரியும் உரிமை இல்லையா என்று மற்றவர்கள் கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து வந்து மருத்துவமனையில் சேர்த்தால் தெரிவித்தே ஆக வேண்டும், மற்றபடி மாணவரின் ஒப்புதலோடு ஆலோசகர் தெரிவிக்கட்டும் என்று ஒரு சமரச வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். மூன்று கூட்டங்களாக அந்த வாக்கியம் மேசையில் இருக்கிறது.

எழுத்தில் வரும்வரை வாய்மொழியாகச் செய்கிறேன். புதிய மாணவர்கள் சேரும் முதல் இரவு, உணவுக்கூடத்தில் அவர்களை உட்காரவைத்து, 61 கிராம் கணக்கைப் போட்டுக் காட்டி, ஒருவனைப் படுக்கவைத்து எப்படி ஒருக்களிப்பது என்று செய்து காட்டுகிறேன். அப்போது கொஞ்சம் சிரிப்பு எழும். பிறகு, வந்து கதவைத் தட்டுகிறவனிடம் நான் ஒரு கேள்விதான் கேட்பேன், எந்த அறை என்று, அவ்வளவுதான் என்று சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளில் ஏழு முறை தட்டியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டு முறை 108-ஐ அழைக்க வேண்டியிருந்தது. ஐந்து பேர் என் வீட்டு முன்னறையிலோ அவர்கள் அறையிலோ விடியும்வரை ஒருக்களித்துக் கிடந்தார்கள், பக்கத்தில் முறைவைத்து ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தோம்.

இங்கேயும் இரவுப் பதிவேடு இருக்கிறது. தேதி, நேரம், அறை எண், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, எடுத்த நடவடிக்கை என்று பத்திகள் போட்டிருக்கிறேன். பழைய பதிவேட்டில் ஏழாவதாக இருந்த 'தகவல் தந்தவர் பெயர்' என்ற பத்தியை, இந்த ஆண்டு அச்சுக்குக் கொடுக்கும்போது எடுத்துவிட்டேன்.